பிடிக்காதவரின் கைதும் நம் கையெழுத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவரை முகநூல் பதிவொன்றுக்காக வெள்ளிக்கிழமை மாலை போலீசார் கைது செய்தனர். இரு பிரிவினரிடையே பகை மூட்டியதாக வழக்கு. நான் ஆதரிக்கும் கட்சிக்கு அவர் எதிரணி. அவர் எழுதுவதில் பெரும்பகுதி வசைதான். சென்ற ஆட்சியில் எங்கள் ஆட்கள் இதேபோல் கைதானபோது மகிழ்ந்து எழுதியவர். இப்போது அவரை விடுவிக்கக் கோரும் அறிக்கையில் கையெழுத்துக் கேட்டு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று விட்டுவிடுவதில் என்ன தவறு? காவல்துறை எப்போதும் ஆளுங்கட்சியின் பக்கம்தானே சாயும். நாளை ஆட்சி மாறினால் அதுவும் மாறிவிடப்போகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்கிறீர்கள். அந்தக் கடமை எது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பகை மூட்டுதல், வதந்தி பரப்புதல் போன்ற பிரிவுகளில் பொதுவாக அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுகள். 7 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் தேவைப்படுகிறது என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும், தேவையில்லையெனில் நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41, 41ஏ பிரிவுகள் கூறின. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. இதைப் பின்பற்றாத அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் ஆளாவார் என்றும், காரணங்களைப் பரிசீலிக்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பெயரிலேயே பதிவு எழுதி, ஊரறிந்த முகவரியில் குடியிருக்கும் ஒருவர் தலைமறைவாகிவிடுவார் என்று எந்தக் காரணத்தை எழுதியிருப்பார்கள்?

கைதான கிழமையையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பிடித்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி சனிக்கிழமை மாஜிஸ்திரேட்டின் வீட்டு வாசலிலேயே நிறைவேறிவிடும். ஜாமீன் மனு திங்கட்கிழமைதான் விசாரணைக்கு வரும், அரசுத் தரப்பு பதிலளிக்க அவகாசம் கேட்கும், இன்னும் சில நாள் ஓடும். பின்னாளில் வழக்கே தள்ளுபடியானாலும், ஒருவர் அந்த நாட்களைச் சிறையில் கழித்து முடித்திருப்பார். தீர்ப்புக்கு முன்பே அனுபவித்துவிட்ட தண்டனைக்கு எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது?

ஆட்சி மாறினால் காவல்துறையும் மாறும் என்ற உங்கள் ஆறுதலைத்தான் என்னால் சற்றும் ஏற்க இயலவில்லை. யாரைக் கைது செய்வது, யாரை நோட்டீஸோடு விடுவது, யார் மீதான புகாருக்கு வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவைப்பது என்பதெல்லாம் காவல் நிலையத்தில் ஓர் ஆய்வாளரின் மேசையில் முடிவாகின்றன. (கைதுக்குரிய குற்றம் பற்றிய புகாரைப் பதிந்தே தீர வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகும் இதுதான் நிலை.) அவர் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பார், அல்லது பணியிடம் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவாரா என்பது ஆட்சியாளர்களின் கையில் இருக்கும்வரை, அவருக்கென்று தனியாக அரசியல் சார்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. மேலிடத்திலிருந்து தொலைபேசி வருவதற்கு முன்பே, அது வந்தால் என்ன சொல்லும் என்று அறிந்து அவர் நடந்துகொள்வார்.

2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவிழ்க்க முயன்றது இந்த முடிச்சைத்தான். டி.ஜி.பி. முதல் நிலையப் பொறுப்பதிகாரி வரை குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம், இடமாற்றங்களை முடிவு செய்யக் காவல்துறைக்குள்ளேயே ஒரு வாரியம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் என்று அது ஆணையிட்டது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளருக்குக் கொடுத்து, டி.ஜி.பி.யையும் அதில் உறுப்பினராக்கியது.

1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும் அக்கட்சியினர் மிசாவில் அடைக்கப்பட்டார்கள். சென்னை மத்திய சிறையில் அவர்கள் அடிக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. விசாரணையின்றிச் சிறையில் கிடப்பது என்னவென்று தமிழ்நாட்டில் அவர்களைவிட நன்கறிந்த கட்சி வேறில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த குண்டர் தடுப்புச் சட்டமும் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்க இடம் தருகிறது. அந்தக் காவல் சரிதானா என்று ஆராயும் அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை நிறுத்தும் உரிமைகூட அவருக்கு இல்லை. இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் அச்சட்டம் இன்னும் நிற்கிறது. 2017இல் அ.தி.மு.க. ஆட்சியில், ஈழத்தமிழர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்த முனைந்த திருமுருகன் காந்தி மீது அது பாய்ந்தது. 2024இல் தி.மு.க. ஆட்சியில் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது பாய்ந்தது. இரண்டு ஆணைகளையும் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் இருவரும் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள். பெண் காவலர்களைப் பற்றி சங்கர் பேசியது இழிவான பேச்சு என்பதே என் கருத்து. அதற்கு வழக்குத் தொடுக்கச் சாதாரணச் சட்டத்திலேயே இடமுண்டு, தொடுக்கவும் பட்டது. அதற்கு மேல் குண்டர் சட்டம் எதற்கு என்று, 2017இல் கொதித்தெழுந்தவர்களில் பலர் கேட்கவில்லை. 2024இல் கொதித்தவர்களில் பலர் முந்தைய கைதின்போது வாய் திறக்கவில்லை. எந்தக் கைதுக்கும் ஊரில் பாதிப்பேர் கைதட்டுவார்கள் என்று ஆள்பவர்களுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

உங்கள் ஆட்கள் சிறைக்குப் போனபோது அவர் மகிழ்ந்தார் என்கிறீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆயினும் கையெழுத்திடுங்கள். அறிக்கையில் அவருடைய பதிவைப் பாராட்டும் வரி ஏதும் இருந்தால் அதை நீக்கச் சொல்லிவிட்டு, 35ஆம் பிரிவின்படி அவருக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா, கைதுக்கான காரணங்கள் எழுத்தில் பதியப்பட்டனவா, ரிமாண்ட் ஆணையில் மாஜிஸ்திரேட் அவற்றைப் பரிசீலித்திருக்கிறாரா என்ற கேள்விகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் மீதான வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து கூண்டில் நிற்கட்டும்.