கோணல் நிலத்தில் அளக்க முடியாத பக்கத்தின் நீளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காங்கேயம் பக்கம் உங்கள் காடு நாலு மூலையும் கோணலாக இருக்கிறது, மூன்று பக்கம் அளந்தாயிற்று, நாலாவதில் கிணறும் கிலுவை வேலியும் டேப்பை மறிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பக்கங்களை மட்டும் வைத்து நாலாவதைச் சொல்லவே முடியாது. கூடவே இரண்டு கோணங்கள் வேண்டும்.

மூலைக்கற்களை 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, 1-2 50 மீட்டர், 2-3 30 மீட்டர், 3-4 40 மீட்டர். 2-ம் கல்லில் கோணம் 120 டிகிரி. 1-லிருந்து 3-க்கு மூலைவிட்டம் போட்டால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். இனி கொசைன் சூத்திரம். இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தின் வர்க்கத்தை அது தரும் (கொசைனைச் சுருக்கமாக காஸ் என்பார்கள்):

50² + 30² − 2 × 50 × 30 × காஸ் 120° = 4900. இதன் வர்க்கமூலம்தான் மூலைவிட்டம், 70 மீட்டர்.

3-ம் கல்லில் நின்று 1-ஐயும் 4-ஐயும் பார்க்கிற கோணம் 60 டிகிரி என்றால்:

70² + 40² − 2 × 70 × 40 × காஸ் 60° = 3700. வர்க்கமூலம் எடுத்தால் கிணற்றடிப் பக்கம் (4-1) சுமார் 60.8 மீட்டர்.

சரி, கருவி இல்லாமல் கோணத்தை எப்படி அளப்பது? டேப்பே போதும். கல்லிலிருந்து இரண்டு திசையிலும் 10 மீட்டரில் ஒவ்வொரு குச்சி நட்டு, குச்சிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கோணத்தின் காஸ் மதிப்பு = 1 − (தூரம்² ÷ 200). தூரம் 17.32 மீட்டர் வந்தால் காஸ் −0.5, அதாவது 120 டிகிரி. 10 மீட்டருக்குப் பதில் ஒன்றிரண்டு மீட்டரில் குச்சி நட்டுவிடாதீர்கள். அங்கே விரற்கடை பிசகினாலும் கடைசிக் கணக்கில் பெரிதாகத் தெரியும்.

பரப்புக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இந்த நிலத்துக்கு அப்படிப் போட்டால் 50 சென்ட்டுக்கு மேல் வரும். முக்கோணங்களாகப் பிரித்து (பாதி × இரு பக்கங்கள் × இடைக்கோணத்தின் சைன்) கூட்டினால் 1862 சதுர மீட்டர், 46 சென்ட்தான். செவ்வகம் தவிர எந்த நாற்கரத்திலும் அந்தப் பழைய கணக்கு கூடுதலாகவே காட்டும். கிரயம் பேசுகிற இடத்தில் நாலு சென்ட் பெரிய தொகை.

அப்புறம், உங்கள் சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தையும் (எஃப்.எம்.பி) எடுத்துப் பாருங்கள். அதில் ஜி லைன் என்கிற கோடுகள் நிலத்தை முக்கோணங்களாகத்தான் பிரித்திருக்கும். 1-3 மூலைவிட்டத்தின் நீளம் அங்கேயே இருந்தால் 2-ம் கல் கோணத்தை அளக்கவே வேண்டாம்.