பால் பல்லை எண்ணினீர்களா?

(வாங்கும் முன்: கேள்வி-பதில்)

போன மாதம் மிக்ஸி பழுது பற்றி எழுதும்போது, நான் நாய்க்குட்டி வாங்கி ஏமாந்த கதையையும் ஒரு வரி சொல்லிவிட்டேன். மிக்ஸியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதி நாய். சரி, இந்த வாரம் நாயே.

கேள்வி: பிராட்வே ஞாயிறு சந்தையில் 9,000 ரூபாய்க்கு லேப் (லாப்ரடார்) குட்டி வாங்கினேன். நாற்பது நாள் குட்டி என்றார். ஐந்தாம் நாள் வாந்தி, ரத்தபேதி. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ வைரஸ் என்றார்கள். ட்ரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டது. விற்றவரோ, “வித்தது வித்ததுதான், உங்க வீட்டுத் தண்ணி சேரல” என்கிறார். பில் இல்லை. (கொளத்தூர் வாசகர்)

பதில்: படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. குட்டி உங்கள் வாசலை மிதிக்கும் முன்பே தொற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதியும் நோயின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பெரிய சாட்சி அதுதான். அடுத்தது ஜிபேயில் பணம் போன பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, வாங்கிய அன்று எடுத்த போட்டோ.

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. அந்தச் சட்டத்தில் அசையும் சொத்து எல்லாமே ‘சரக்கு’. குட்டியைச் சரக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் இங்கே அந்த வார்த்தை உங்களுக்குச் சாதகம். முதலில் விற்றவரின் முழுப் பெயரையும் முகவரியையும் பிடியுங்கள். அது இல்லாமல் நோட்டீஸும் போகாது, வழக்கும் நிற்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் வட சென்னை நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

அப்புறம் ஒன்று. உடனே வேறு குட்டி வாங்கிவிடாதீர்கள். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும்.

கேள்வி: குட்டியை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) ஜாதிச் சான்றுப் பேப்பர் அடுத்த மாதம் வரும், அதற்கு 4,000 தனி என்கிறார். கொடுக்கலாமா? (பெரவள்ளூர்)

பதில்: பேப்பர் கைக்கு வந்த பிறகு பணம் கையை விட்டுப் போகட்டும்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குச் சர்ப்ரைஸாக நாய்க்குட்டி தர ஆசை. எந்த ஜாதி நல்லது? (மாதவரம்)

பதில்: பொம்மை.

கேள்வி: எங்கள் லேப் பெண் நாய்க்கு மூன்று வயது. முதல் ஈற்றில் ஏழு குட்டி. காசிமேட்டிலிருந்து காரப்பொடி மீன் வாங்கி அவித்து, முள் எடுத்துப் பிசைந்து போட்டு வளர்க்கிறேன். இப்போது முப்பது நாள். தினமும் போன் வருகிறது. எல்லோரும் கேட்பது “லாஸ்ட் என்ன ரேட்?” ஒன்றுதான். “உங்கள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்?” என்று நான் கேட்டால், “பொண்ணு பாக்கவா வந்தேன்?” என்று கோபித்துக்கொள்கிறார்கள். பணம் பெரிதில்லை. ஏழும் நல்ல வீட்டுக்குப் போக வேண்டும். என்ன செய்ய? (ராயபுரம் வாசகி)

பதில்: அம்மா, கோபித்துக்கொண்டு போனை வைத்தவரால் உங்களுக்கு ஒரு குட்டி மிச்சம். பெண் பார்ப்பது மாதிரிதான் இதுவும், தயங்காமல் கேளுங்கள்.

முதலில் முப்பது நாள் விஷயம். இதைப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ‘சின்னதாக இருக்கும்போதே வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும்’ என்று யார் கிளப்பிவிட்டார்களோ, இந்த ஊரில் அதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். ஒட்டுதலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கணக்கு வேறு. மூன்று, நான்கு வாரம் வரை குட்டிக்குச் செலவு கிடையாது, தாய்ப்பால். அதற்குப் பிறகுதான் செரலாக், தீனி என்று வரிசையாக வரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. முப்பதாம் நாள் தள்ளிவிட்டால் இத்தனையும் வாங்குபவர் தலையில். நஷ்டம் குட்டிக்கு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்ததைக் கடித்து, திருப்பிக் கடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் நடக்கிற நேரத்தில் பிரித்துக் கொண்டுபோய்விட்டு, ஆறு மாதம் கழித்து ‘கையைக் கடிக்கிறது’ என்று எனக்குக் கடிதம் போடுகிறார்கள்.

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்கின்றன. விற்கும் முன் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட வேண்டும். குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். வீட்டில்தானே வளர்க்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள், பதிந்துகொள்ளுங்கள். வாங்குகிறவர்களும் வயதை வாய்வார்த்தையாக நம்ப வேண்டாம். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் ஏறக்குறைய 28 பால் பல்லும் வந்திருக்கும். முன்பல் மட்டும் அரிசி முனை மாதிரி எட்டிப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எந்தப் பல்லையும் பார்க்கவில்லை. பல வருடம் முன்பு, பவுடர் வாசனையோடு ஒரு ‘பொமரேனியன் ஆண்’ வாங்கினேன். முதல் குளியலில் பவுடர் போய் உண்ணி தெரிந்தது. டைகர் என்று பெயர் வைத்தோம். ஒன்றரை வருடம் கழித்து டைகர் பீரோவுக்கு அடியில் ஐந்து குட்டி போட்டது. என் சாமர்த்தியம் அவ்வளவு.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு செய்தது. ஐந்தையும் எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம். ஸ்கூட்டரில் வந்த ஒருவர், “காசு வேணாமா சார்? நிஜமாவா?” என்று இரண்டு தடவை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கோடையில் மூலக்கடைப் பக்கம் ஒரு ஷெட் வாசலில் அவர் கொண்டுபோன குட்டியைப் பார்த்தேன். கழுத்தில் தேங்காய்நார்க் கயிறு, எதிரே ஆயில் டப்பாவில் தண்ணீர், அதற்கும் வாய் எட்டாத தூரத்தில் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. யாரைப் பார்த்தாலும் ஆட்டியிருக்கும்.

அதனால் சும்மா கொடுக்காதீர்கள், ஏலமும் விடாதீர்கள். ஒரு விலை சொல்லி அதிலேயே நில்லுங்கள். எடுப்பவரை வீட்டுக்கு இரண்டு தடவை வரவழையுங்கள், இரண்டாம் தடவை குடும்பத்தோடு. வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே, மொட்டைமாடியில் கட்டிப்போடும் எண்ணமா என்று கேளுங்கள். “தாயைப் பார்க்கலாமா?” என்று அவராகக் கேட்டால் பாதி நல்ல சகுனம். ரசீதில் பிறந்த தேதி, சிப் எண் இரண்டும் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரை டாக்டரே ஒட்டித் தருவார், அதையும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே ஒரு வரி: ‘வளர்க்க முடியாவிட்டால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.’ அந்த ஒரு வரியை நான் எழுதி வாங்கியிருந்தால் ஷெட்டிலிருந்து அதை அவிழ்த்துக்கொண்டு வந்திருப்பேன். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஏழுக்கும் வீடு உடனே கிடைக்காது. ஒன்றிரண்டு மூன்று மாதம் உங்களிடமே இருக்கலாம். அதற்கும் சேர்த்துக் காரப்பொடிக்குக் கணக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி: மூன்றாம் மாடி ஃபிளாட். சைபீரியன் ஹஸ்கி வாங்கி நாலு மாதம் ஆகிறது. ராத்திரியெல்லாம் ஊளை, வீடு முழுக்க முடி, ஏசி போட்டுக் கரண்ட் பில் எகிறுகிறது. ‘இந்த ஊருக்கு ஒத்துவராது’ என்று விற்றவர் சொல்லவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா? (பெரம்பூர்)

பதில்: பெயரிலேயே சைபீரியா இருக்கிறது. அதற்கு மேல் விற்றவர் என்ன சொல்ல வேண்டும்? கேஸ் நிற்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், தினமும் சீவிவிடுங்கள், ஏசியை நிறுத்தாதீர்கள். முடியாது என்றால் ராயபுரம் அம்மா கேட்கிற கேள்விகளையெல்லாம் கேட்டு, வேறு வீடு நீங்களே தேடுங்கள். தெருவில் விட்டதாகக் கேள்விப்பட்டால் இந்தப் பகுதியில் உங்களுக்கு இனி பதில் கிடையாது.

கேள்வி: ராணுவத்தில் இருப்பவராம், மாற்றலாம். கோல்டன் ரெட்ரீவர் குட்டி இலவசம், பார்சல் செலவு 3,500 மட்டும் அனுப்பு என்கிறார். (தண்டையார்பேட்டை)

பதில்: அனுப்பாதீர்கள். அனுப்பியாயிற்று என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குட்டி கிடையாது, போட்டோ மட்டும்தான் உண்டு.

கேள்வி: வெள்ளை ராஜபாளையம் குட்டி, 12,000 ரூபாய். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. ‘வேட்டை நாய், பிடிவாதம் இருக்கும்’ என்கிறார் விற்றவர். அப்பாவுக்குச் சந்தேகம். (திருவொற்றியூர்)

பதில்: அப்பாவின் சந்தேகம் சரியாக இருக்கலாம். அந்த வெள்ளையோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வந்துவிடும். தூங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமல், காற்றும் படாமல் ஒரு தட்டை ஸ்பூனால் தட்டுங்கள். காது அசையவில்லை என்றால் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தெரிந்தே மறைத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

குட்டியைத் திருப்பிக் கொடுப்பது வேறு பேச்சு. திரும்பிப் போனால் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் கடிதத்தின் கடைசியில் ‘நன்றாக விளையாடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் கை சைகையில் பழக்குங்கள், நன்றாகவே பிடித்துக்கொள்ளும். வெளியே கயிறில்லாமல் விட வேண்டாம். விசிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள், இருட்டில் கூப்பிட ஒரு டார்ச் போதும்.