மருத்துவர் பதில்: வேக்போர்டில் விழுந்த பின் தலைசுற்றல், காதடைப்பு, தோள்வலி

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் வேலூர், சத்துவாச்சாரி. வேலை அபுதாபியில். வார விடுமுறையில் அங்கே கேபிள் பூங்காவில் வேக்போர்டிங் போகிறேன்; இரண்டு காலையும் ஒரு பலகையில் (போர்டு) மாட்டிக்கொண்டு, மேலே ஓடும் கேபிள் இழுக்கும் கயிற்றின் கைப்பிடியை (ஹேண்டில்) பிடித்துத் தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு. ஒன்றரை வருடப் பழக்கம். இடது காலை முன்னே வைத்து நிற்பவன். எகிறாமல் தண்ணீர்ப் பரப்பிலேயே, நெஞ்சு முதலில் கயிற்றுப் பக்கம் திரும்புகிற மாதிரி 360 சுற்றப் பழகினேன். முக்கால் சுற்று வந்ததும் ஒவ்வொரு தடவையும் விழுகிறேன். லீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் விழுந்ததில் பின்மண்டையும் இடது காதும் தண்ணீரில் அறைந்தன. ஹெல்மெட் போட்டிருந்தேன், நினைவு தப்பவில்லை. எட்டு நாள் ஆகிறது. லேப்டாப் பார்த்தால் தலை வலிக்கிறது. படுக்கையில் இடப்பக்கம் புரண்டால் அறையே சுற்றி, அரை நிமிடத்தில் நிற்கிறது. இடது காது அடைத்திருக்கிறது; அன்று ஒரு சொட்டு ரத்தம் வந்தது. வலது தோள் வலியால் பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை. அம்மா காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாம் என்கிறார். மூன்று வாரத்தில் விமானம் ஏற வேண்டும். ஏறலாமா? போன உடனே மறுபடி முயலலாமா? எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: எண்ணெய் வேண்டாம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடிபட்ட அன்று ரத்தம், பிறகு அடைப்பு என்றால் செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகமாகப் போகிறவரின் காதில் தண்ணீர் தட்டையாக அறையும்போது, காதுக்குழாய்க்குள் அடைபட்ட காற்று வெளியே வர வழியில்லாமல் செவிப்பறையைக் கிழிக்கிறது. கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறை வாங்கியவர்களுக்குக் கிழிவதும் இப்படித்தான். அந்த ஓட்டை வழியாக எண்ணெயோ தண்ணீரோ நடுக்காதுக்குப் போனால் சீழ் பிடிக்கும். காதுக்கு என்று மருந்துக் கடையில் தரும் சொட்டுமருந்தையும் நீங்களாக வாங்கி விடாதீர்கள். அவற்றில் சில, ஓட்டை வழியே உள்ளே போனால் கேட்கும் நரம்பையே பாதிக்கும்.

இந்த வாரத்துக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் எடுத்துவிடுங்கள். சின்ன ஓட்டை என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இப்போதைக்கு வேண்டாம். மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், பட்ஸ் பக்கமே போகாதீர்கள். விமானம் ஏற இந்த ஓட்டை தடையில்லை. ஓட்டை இருக்கும்வரை காற்றழுத்தம் அதன் வழியாகவே சமனாகிவிடும். பயண நாளில் சளி, மூக்கடைப்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்.

படுக்கையில் புரளும்போது அறை சுற்றுவது வேறு. சமநிலையைக் காக்கும் உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். தலையில் அடிபட்டால் சில துகள்கள் பிய்ந்து, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையை ஒரு பக்கம் சாய்த்ததும் துகள் உருளும். தலை நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று மூளைக்குத் தகவல் போகும். ஒரு நிமிடத்துக்குள் நிற்பதும், அதே பக்கம் புரண்டால் மறுபடி வருவதும் இதன் அடையாளங்கள். இரண்டும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பித் திருப்பி நிறுத்தித் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும் எப்லி முறை இருக்கிறது. பத்து நிமிட வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். யூடியூப் பார்த்து வீட்டில் செய்துகொள்ள வேண்டாம். தலை வாங்கிய அடியை உங்கள் கழுத்தும் வாங்கியிருக்கிறது, முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். தும்மினால், முக்கினால் சுற்றுகிறது, காது நாளுக்கு நாள் மந்தமாகிறது என்றால் அன்றைக்கே காட்டுங்கள். உள்காதில் இருந்து நீர் கசிந்தால் அப்படி ஆகும்.

லேப்டாப் பார்த்தால் வரும் தலைவலி, மூளை குலுங்கியதன் மிச்சம். நினைவு தப்பவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மூளை அதிர்ச்சியில் பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. ஹெல்மெட் மண்டை கிழியாமல், உடையாமல் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது. பெரியவர்களுக்குப் பொதுவாக 2 வாரத்தில் அடங்கும். நான்கு வாரம் தாண்டியும் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் 650 போதும், ஒரு நாளைக்கு நான்கைத் தாண்டாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போடாமல். தினமும் போட்டால் மாத்திரையே தலைவலியை நிலைக்க வைத்துவிடும்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் கண் சொருகுவது, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலம் குறைவது, மூக்கில் அல்லது காதில் தெளிந்த நீர் வடிவது, கழுத்து வலியோடு கைகளில் மரமரப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தலைகாட்டும், எட்டு நாள் தாண்டிவிட்டதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது உங்கள் ஊர் சி.எம்.சி.யில்தான். தலையடிக்கு மருத்துவர் தேடி வெளியூர் அலைய வேண்டிய நிலை வேலூர்க்காரர்களுக்கு இல்லை.

இருட்டறையில் படுத்தே கிடப்பது பழைய வைத்தியம். முதல் இரண்டு நாள் ஓய்வு போதும், அது உங்களுக்கு முடிந்துவிட்டது. வெயில் ஏறுமுன் கோட்டையைச் சுற்றி 20 நிமிடம் நடங்கள். நாடி நிமிடத்துக்கு 105-ஐத் தாண்டாத வேகம் போதும். உங்கள் தலைவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பாருங்கள். நடக்கும்போது இரண்டு மதிப்பெண் வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்று நிறுத்திவிட்டு, மறுநாள் மெதுவாக நடங்கள். நன்றாகத் தாங்கினால் நாடியை 135 வரை கொண்டுபோகலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுங்கள். விளையாட்டுத் தலையடி குறித்து 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறை இது. தலைசுற்றல் நிற்கும்வரை பைக் ஓட்டாதீர்கள்.

ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். லீவில் வந்தவரை அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்துக் கிணற்றில் குதிக்கக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள், படியிறங்கிக் குளிக்கவும் வேண்டாம். கிழிந்த செவிப்பறை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் அந்த நொடியே தலை கிறுகிறுத்து, மேலே எது கீழே எது என்று தெரியாமல் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த நிலையில் மூழ்கிவிடுவார்.

இனி நீங்கள் கேட்ட தப்பு. பின்மண்டை, இடது காது, வலது தோள் மூன்றும் ஒரே தப்பில் அடிபட்டவை. ஹேண்டில் இடுப்பை விட்டு விலகிப் போகிறது.

இடது கால் முன்னே நிற்பவர் நீங்கள் சொன்ன பக்கம் சுற்றினால், கால் சுற்றில் நெஞ்சு கயிற்றைப் பார்க்கும், அரைச் சுற்றில் வலது கால் முன்னே வந்துவிடும், முக்கால் சுற்றில் முதுகு கயிற்றுப் பக்கம் இருக்கும். அந்த முக்கால் சுற்றில் போர்டு போகும் திசைக்குக் குறுக்கே கிடக்கிறது. குதிகால் பக்க விளிம்பு முன்னால் போகிறது. வலது கையில் இருக்கும் ஹேண்டிலை முதுகுக்குப் பின்னால் இடது கை வாங்க வேண்டிய நேரமும் அதுதான். அப்போது வலது கை நீண்டிருந்தால் கயிறு தோளைப் பின்னுக்குப் பறிக்கும். தோளோடு உடம்பும் சாயும், எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் விளிம்பு தண்ணீருக்குள் செருகிக்கொள்ளும். போர்டு அங்கேயே நிற்க, நீங்கள் மல்லாக்க அறைபடுவீர்கள். சுற்றும் பக்கமாகத் தலை இடது தோளுக்கு மேல் திரும்பியிருப்பதால் இடது காது முதலில் தண்ணீரைத் தொடுகிறது.

ஆகவே ஹேண்டில் இருக்க வேண்டிய இடம், பெல்ட்டுக்குக் கீழே, பின்பாக்கெட் உயரம். சுற்ற ஆரம்பிக்கும்போதே அதை இடுப்புக்கு இழுத்துவிட்டால் கயிறு ஒரு நொடி தொய்யும். அந்தத் தொய்வில்தான் கை மாற்ற வேண்டும். முழங்கால் மடங்கி, போர்டு தட்டையாக இருக்க வேண்டும். உங்கள் போர்டின் அடியில் ஆழமான ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) இருந்தால் கழற்றிவிட்டுப் பழகுங்கள். குறுக்கே திரும்பும்போது ஃபின் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும்.

பின்பாக்கெட்டுக்குப் போகாத கை ஹேண்டில் மாற்றாது. வலியில்லாமல் பர்ஸை எடுத்து வைக்க முடிகிற நாள் வரை கயிறு தொடாதீர்கள். இப்போதே ஒன்று பார்க்கலாம். வலது புறங்கையைக் கீழ்முதுகில் வைத்து, முதுகை விட்டுக் கையை விலக்கித் தூக்குங்கள். வலித்தாலும் தூக்க முடிகிறது என்றால் தோளின் முன்தசை இழுபட்டிருக்கலாம். கை முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றாலோ, தோள் கழன்றுவிடும் போல உணர்ந்தாலோ, கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியாவிட்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டித் தசைநார் கிழியவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிழிவு இல்லை என்றால் முதல் வாரம் அசையாப் பயிற்சி. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, முழங்கையை 90 டிகிரி மடக்கி, புறங்கையால் சுவரை 5 நொடி அழுத்துங்கள். 10 தடவை, காலை மாலை. பிறகு உள்ளங்கையால் கதவு நிலையை அதே கணக்கில் அழுத்துங்கள். அந்தத் துண்டு முக்கியம். அது கீழே விழுந்தால் முழங்கை விலகுகிறது என்று அர்த்தம், தண்ணீரில் நடப்பதும் அதே விலகல்தான். இரண்டாம் வாரம் ரப்பர் பட்டையில் இதே அசைவு, 12 வீதம் மூன்று சுற்று. அந்தத் தோள்மேல் சாய்ந்து படுக்காதீர்கள்.

தோள் வலி அடங்கிய பிறகு மொட்டை மாடியில் வேலை இருக்கிறது. முக்கால் அங்குல பிவிசி பைப்பில் 15 அங்குலம் வெட்டி, நைலான் கயிற்றை உள்ளே நுழைத்து முக்கோணமாகக் கட்டினால் ஹேண்டில் தயார். கயிற்றின் மறுமுனையை நேராகத் தூணில் கட்டாமல் நடுவே ஒரு சைக்கிள் டியூபைக் கோத்துவிடுங்கள், உயிருள்ள இழுவை கிடைக்கும். வெடிப்பு விட்ட பழைய டியூப் வேண்டாம், அறுந்தால் முகத்தில் அடிக்கும். இடுப்பு உயரத்தில் கட்டி, தூணுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காலை நகர்த்தாமல், ஹேண்டிலை வலது கையிலிருந்து இடது கைக்கு, பின்பாக்கெட் உயரத்தில் மாற்றுங்கள். ஹேண்டில் உடம்பை விட்டு ஒரு சாண் விலகினாலும் அந்தத் தடவை கணக்கில் வராது. ஒரு நாளைக்கு 30 போதும். தலைசுற்றலும் தலைவலியும் முழுவதுமாக நின்று, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே காலைத் திருப்பி முழுச் சுற்று. காலை 7 மணிக்கு முன்பு அல்லது சூரியன் இறங்கிய பிறகு. வேலூர் வெயிலில் மாடித்தரை காலைப் பொசுக்கும், நீர் வற்றினால் தலைவலியும் திரும்பிவிடும்.

தலை, தோள், காது மூன்றில் மெதுவாக ஆறுவது காது. மூன்று வாரத்தில் திரும்பிப் போனாலும் உடனே தண்ணீரில் இறங்க முடியாது. செவிப்பறை மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் காதை மூடும் மென்மையான மடிப்பு வைத்த, தண்ணீர் விளையாட்டுக்கான ஹெல்மெட் வாங்கிக்கொள்ளுங்கள். அறையும் வேகம் காதுக்குள் போவதை அது குறைக்கும்.

இறங்கும் முதல் நாள் 360 வேண்டாம். அரைச் சுற்று சுற்றி, வலது கால் முன்னே வைத்து 10 நொடி நிலையாகப் போங்கள். அது பத்துக்கு எட்டு முறை வந்த பிறகு, அதே நிலையில் வலது கையால் ஹேண்டிலைக் கீழ்முதுகுக்குக் கொண்டுபோய் இடது கையால் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். அதற்கு அடுத்த நாள்தான் கை மாற்றம். இரண்டு தூண் கேபிள் என்றால் இயக்குபவரிடம் சொல்லி வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பலர் ஒரே நேரத்தில் போகும் பெரிய கேபிளில் அது நடக்காது. நடுச் சுற்றில் ஹேண்டில் இடுப்பை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் எட்டிப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். கயிறு இல்லாமல் விழுவது மெதுவான விழுதல். ஒரு நாளைக்குப் பத்து முயற்சி, நடுவில் ஒரு தடவை தலை அறைந்தாலும் அன்றைக்குக் கரையேறிவிட வேண்டும்.