யாரைச் சட்டாம்பிள்ளை என்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் ஏவிக்கொண்டே இருப்பவரைச் 'சட்டாம்பிள்ளை' என்கிறார்கள். அது வசவா?

திண்ணைப் பள்ளிக்கூடச் சொல் இது. அங்கே வாத்தியார் ஒருவர்தான். மணலில் 'அ' எழுதிப் பழகும் குழந்தையும் ஓலையில் எழுதத் தெரிந்த பையனும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். அத்தனை பேரையும் அவர் ஒருவரே பார்க்க முடியாது. அதனால் மூத்த மாணவன் ஒருவனை மற்றவர்களுக்கு மேல் வைத்தார். அவன் பாடத்தைச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவன்தான் சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பிக்கும் வழியை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'.

சட்டாம்பிள்ளையிடம் இருப்பது இரவல் அதிகாரம். இன்றைய பொருளின் உயிர் அதில்தான் இருக்கிறது. நம்மோடு சம நிலையில் இருப்பவர், யாரும் கேட்காமலே மேற்பார்வை பார்த்தால் 'சட்டாம்பிள்ளைத்தனம் பண்றார்' என்கிறோம். உங்கள் மேலாளரே ஏவினால் இந்தச் சொல் ஒட்டாது. அவருக்கு அதிகாரம் உண்டு. அளவு மீறினால் 'கெடுபிடி' என்று சொல்லலாம். அடுத்தவர் விஷயத்தில் புகுந்து தீர்ப்புச் சொன்னால் அது 'நாட்டாமை'. நியாயம் பேசினாலும் கேட்காமல் வலுவைக் காட்டினால் 'அடாவடி'. பலர் இவற்றைக் கலந்து பேசுகிறார்கள். அப்போது குற்றம் எது என்பதே மங்கிவிடுகிறது.

வசவுதான், ஆனால் மென்மையானது. தம்பியிடமோ தோழியிடமோ 'ரொம்பச் சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே' என்று நேரே சொல்லலாம். பெண்களுக்கும் இதே சொல்தான்: 'எங்க அக்கா பெரிய சட்டாம்பிள்ளை.' எல்லோரையும் விரட்டும் நாலு வயதுக் குழந்தையை 'வீட்டுக்கே சட்டாம்பிள்ளை' என்றால் அது கொஞ்சல். வயதில் மூத்தவரை முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். 'உனக்கு ஏது அதிகாரம்?' என்ற கேள்வி உள்ளே இருப்பதால் சுருக்கென்று தைக்கும். நாளிதழ்களில் வரும் 'உலகச் சட்டாம்பிள்ளை' என்ற தொடரிலும் அதே கேள்விதான் இருக்கிறது.

கேரளத்துக்காரரிடம் பேசும்போது கவனம் தேவை. மலையாளத்தில் 'சட்டம்பி'யும் முன்பு பள்ளியின் மூத்த மாணவனைக் குறித்ததுதான். கேரளத் துறவியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. இன்று அங்கே அதற்கு ரவுடி என்று பொருள்.