விண்டோஸ் 11 ப்ரோவை 24எச்2க்கு மேம்படுத்திய பின் உபுண்டுவின் சாம்பா பகிர்வு திறக்கவில்லை: விண்டோஸ் அமைப்பைத் தளர்த்தத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. லினக்ஸ் வகை இயக்கமுறைமையான உபுண்டு ஓடும் கணினியில், கோப்புறைகளைப் பிற கணினிகளோடு பகிரும் சாம்பா நிரல் வழியாகக் கடவுச்சொல் கேட்காமல் பல ஆண்டுகளாகத் திறந்துவந்த கோப்புறை, மேம்படுத்திய மறுநாளே "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது" என்னும் பொருளில் செய்தி காட்டுகிறது என்றும், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்தியில் வரும் "நிறுவனம்" பொதுவான வாசகம்தான். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஒரு நல்ல தகவல் அதில் இருக்கிறது. விருந்தினர் அணுகல் என்ற கட்டம் வரை பேச்சு நடந்திருக்கிறது என்றால், உங்கள் கணினி சாம்பாவை எட்டிவிட்டது. கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) திறந்திருக்கிறது. ஆகவே ஃபயர்வாலையும் ரவுட்டரையும் சந்தேகித்து நேரத்தைச் செலவிடாதீர்கள்.

2024இல் வந்த 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இரண்டு இயல்பு அமைப்புகளை மாற்றியது. கடவுச்சொல்லற்ற விருந்தினர் நுழைவை ப்ரோ பதிப்பிலும் நிறுத்தியது (என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இது 2017இலேயே விண்டோஸ் 10இன் 1709 பதிப்போடு நின்றுவிட்டது). அத்துடன், எஸ்எம்பி (விண்டோஸும் சாம்பாவும் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறை) இணைப்பு ஒவ்வொன்றும் கையொப்பமிடப்பட்டே ஆக வேண்டும் என்றது. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய ஒவ்வொரு செய்தியின் மேலும் இடப்படும் அந்தக் கையொப்பத்துக்கான திறவி, பயனர் கடவுச்சொல் கொடுத்து நுழையும்போது உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லாததால் திறவியும் இல்லை, கையொப்பமும் இல்லை.

இணையத்தில் பலர் சொல்வதுபோல இரண்டு அமைப்புகளையும் விண்டோஸில் தளர்த்தினால் கோப்புறை திறக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தளர்வு உங்கள் உபுண்டுவுக்கு மட்டும் பொருந்துவதன்று. அந்த மடிக்கணினி எந்த வைஃபையில் இணைந்தாலும், அங்குள்ள எந்த வழங்கியோடு பேசினாலும் அது கூடவே வரும். ஒரு பயனர் கணக்கு உருவாக்கும் சோம்பலுக்காக இவ்வளவு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உபுண்டுவில் உங்களுக்கு ஏற்கெனவே பயனர் கணக்கு இருக்கும். சாம்பா தன் கடவுச்சொற்களைத் தனியாக வைத்துக்கொள்வதால், எஸ்எம்பிபாஸ்வேர்ட் (smbpasswd -a) கட்டளையால் அதே பயனரைச் சாம்பாவிலும் சேர்த்துக் கடவுச்சொல் கொடுங்கள். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் (smb.conf) அந்தப் பகிர்வின் கீழ் "கெஸ்ட் ஓகே" (guest ok) வரியை "நோ" (no) என்று மாற்றி, டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளை கொண்டு பிழை பார்த்துவிட்டு, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். உபுண்டு தரும் அமைப்புக் கோப்பில் "மேப் டு கெஸ்ட்" (map to guest) என்ற வரி "பேட் யூசர்" (bad user) என்றே இருக்கும். அதாவது, தனக்குத் தெரியாத பெயரில் யாராவது வந்தால் சாம்பா மறுக்காமல், சத்தமின்றி அவரை விருந்தினராக்கிவிடும். விண்டோஸோ முதலில் உங்கள் விண்டோஸ் பயனர்பெயரையே அனுப்பிப் பார்க்கும். அந்தப் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது, உங்களை விருந்தினராக்கும், விண்டோஸ் அதை ஏற்காமல் பழைய செய்தியையே காட்டும், கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரவே வராது. அந்த வரியை "நெவர்" (never) என்று மாற்றினால் சாம்பா வெளிப்படையாக மறுக்கும், விண்டோஸும் உடனே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும்.

வேறு பயனர்பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருப்பதாக 1219 என்ற எண்ணுடன் பிழை வந்தால், பழைய இணைப்பை விண்டோஸின் நெட் யூஸ் (net use) கட்டளையால் நீக்குங்கள். விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தக் கணினியின் பெயரில் உள்ள பழைய பதிவையும் அழித்துவிடுங்கள். கோப்புறை திறந்து, பழைய கோப்புகளை மட்டும் திருத்த முடியவில்லை என்றால் திகைக்க வேண்டாம். விருந்தினராக இருந்தபோது நீங்கள் சேமித்தவை லினக்ஸில் "நோபடி" (nobody) என்ற கணக்கின் உடைமையாக இருக்கும். சௌன் (chown) கட்டளையால் அவற்றின் உரிமையை உங்கள் பயனருக்கு மாற்றினால் போதும்.

நெட்வொர்க் பட்டியலில் உபுண்டுவின் பெயர் தெரியாமல் இருப்பது வேறு விஷயம். முகவரிப் பட்டையில் ஐபி எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்தாலே திறக்கும். பெயரும் தெரிய வேண்டுமானால் டபிள்யூஎஸ்டிடி (wsdd) நிரலை உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். அதற்காக எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1ஐ மீண்டும் இயக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் பணயத் தீம்பொருள் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான்.

எல்லாம் முடிந்ததும், விண்டோஸில் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு உபுண்டுவில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் (smbstatus) கட்டளையை இயக்குங்கள். பயனர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், கையொப்பத்துக்கான இடத்தில் அதன் முறையும் தெரிய வேண்டும். முன்பே விண்டோஸ் அமைப்பைத் தளர்த்தியிருந்து, பெயருக்குப் பதிலாக "நோபடி" என்றே இருந்தால் நீங்கள் இன்னும் விருந்தினராகவே நுழைகிறீர்கள். "மேப் டு கெஸ்ட்" வரியை மறுபடி பாருங்கள்.