ரிவெட்டை எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: பாகங்களாக வாங்கிப் பொருத்தும், அலுமினியத் தகட்டாலான கிட் விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்டி வருகிறேன். வால்பகுதியில் 1/8 அங்குல ரிவெட்டுகளை அடித்தபோது சில உயரமாகவும் சில தட்டையாகவும் அமைந்தன. மூன்று ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்றை டிரில் வைத்து எடுக்கப் போய், துளை நீள்வட்டமாகிவிட்டது. மற்றவற்றையும் எடுத்துவிடத்தான் வேண்டுமா?

பதில்: டிரில்லைக் கீழே வைத்துவிட்டு அளவுகோலைக் கையில் எடுங்கள். ரிவெட் என்பது இரண்டு தகடுகளைத் தலையால் பிடித்துக்கொண்டிருக்கும் ஆணி மட்டும் அன்று. அடிபடும்போது அதன் தண்டு பருத்துத் துளையை இடைவெளியின்றி நிரப்புகிறது. ஒரு தகடு மற்றொன்றின் மேல் நழுவப் பார்க்கும்போது அந்த விசையைத் தாங்குவது துளைக்குள் இறுகி நிற்கும் அந்தத் தண்டுதான். எனவே பார்வைக்கு அழகில்லாத தலையைவிட உருக்குலைந்த துளையே பெரிய கேடு. நல்ல துளையில் நிற்கும் சுமாரான ரிவெட்டை எடுத்துவிட்டு, கெட்ட துளையில் அழகான ரிவெட்டை அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது.

அடித்து உருவாகும் தலையின் விட்டம் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் தண்டின் விட்டத்தில் பாதியும் இருப்பது சரியான அளவு. உங்கள் 1/8 அங்குல ரிவெட்டுக்கு இது 3/16 அங்குல விட்டம், 1/16 அங்குல உயரம். அதாவது ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டரும் 1.6 மில்லிமீட்டரும். இதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதைக் கிட்டுடன் வந்த கையேட்டின் அட்டவணை சொல்லும். உயரமாக நிற்பவற்றை இன்னும் சில அடிகள் அடித்தால் போதும். தட்டையானவற்றின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். வெடிப்பில்லாமல், உயரமும் அட்டவணைக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். சாய்ந்தவையும் அப்படித்தான்: தலை துளையை முழுவதுமாக மூடி, அளவும் சரியாக இருந்தால் அவை தம் வேலையைச் செய்யும்.

கட்டாயம் எடுக்க வேண்டியவை வேறு. தகடுகள் ஒன்றோடொன்று படியாமல் இருந்தபோது அடித்ததால் தண்டு நடுவில் பருத்துத் தகடுகளைப் பிரித்து நிறுத்தியிருந்தால், அந்த ரிவெட் இருக்கக் கூடாது. ரிவெட்டில் முன்பே இருக்கும் முன்பக்கத் தலைக்கும் தகட்டுக்கும் இடையே, இடுக்கை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு தண்டுவரை நுழைந்தாலும் அதே முடிவுதான். காற்றழுத்தத்தால் ரிவெட்டை அடிக்கும் கருவியான ரிவெட் கன்னின் முனை சரிந்து தகட்டையே வெட்டியிருந்தால், ரிவெட்டை மாற்றுவதால் பயனில்லை. தகட்டைப் பற்றிக் கிட் தயாரிப்பாளரிடம் கேட்டாக வேண்டும்.

எடுக்கும்போது, முன்பக்கத் தலையின் நடுவிலுள்ள சிறு குழியில் டிரில் முனையை வையுங்கள். ஏ.டி. வகை அலுமினிய உலோகக்கலவை என்பதற்கு அடையாளமாக இடப்பட்ட குழி அது. இந்த வேலைக்கும் நன்றாக உதவுகிறது. தண்டைவிடச் சற்றுச் சிறிய பிட்டால் தலையின் ஆழம்வரை மட்டும் துளையிட்டு, ‘பின் பஞ்ச்’ என்னும் மெல்லிய எஃகுக் கருவியை அதில் நுழைத்து மெல்ல நெம்பினால் தலை உடைந்து வந்துவிடும். பிறகு பின்புறத்தில், அங்குள்ள தலையைச் சுற்றி ஒரு மரத்துண்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். முழு ஆழத்துக்கும் டிரில்லைச் செலுத்தியதால்தான் உங்கள் துளை நீள்வட்டமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை 5/32 அங்குல ரிவெட்டுக்குப் பெரிதாக்கலாம். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்காவது, அதாவது 5/16 அங்குலம் மிஞ்ச வேண்டும், தயாரிப்பாளரின் ஒப்புதலும் வேண்டும்.

சாய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: தண்டு தேவைக்கு மேல் நீளமாக இருப்பது, அல்லது பின்னால் தாங்கும் எஃகுக் கட்டியான பக்கிங் பார் தகட்டுக்கு இணையாக நில்லாமல் சற்றுத் திரும்பியிருப்பது. காற்றழுத்தத்தைக் குறைத்து, பக்கிங் பார் தண்டில் நன்றாக அமர்ந்த பிறகே ரிவெட் கன்னின் விசையை அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று அடிகளிலேயே தண்டு எந்தப் பக்கம் போகும் என்பது தீர்மானமாகிவிடும். அதே நேரத்தில், வலுவில்லாத அடிகளால் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தால் உலோகம் இறுகி வெடிக்கும். பக்கிங் பாரை மற்றொருவர் பிடித்தால் தட்டல் குறிகளை வைத்துக்கொள்வது விமானப் பட்டறைகளின் பழைய வழக்கம்: ஒரு தட்டல் என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுவிட்டது.

கேள்வி: ரிவெட்டின் நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? உறையின் மீதுள்ள எண்கள் புரியவில்லை.

பதில்: ஏ.என். 470 ஏ.டி. 4-4 என்பதில் முதல் 4 விட்டத்தை 1/32 அங்குலக் கணக்கிலும், அடுத்த 4 நீளத்தை 1/16 அங்குலக் கணக்கிலும் சொல்கின்றன. ஆகவே இது 1/8 அங்குல விட்டமும் 1/4 அங்குல நீளமும் கொண்டது. தகடுகளின் மொத்தத் தடிப்போடு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 0.032 அங்குலத் தகடுகள் இரண்டு என்றால் 0.064 உடன் 0.1875 சேர்ந்து 0.2515 வருகிறது, 1/4 அங்குலம் பொருந்தும். தகட்டுக்குள் அமிழ்ந்து அதன் மேற்பரப்போடு சமமாக நிற்கும் தலையுள்ள ஏ.என். 426 வகையில் தலையின் உயரமும் நீளத்தில் அடங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கையால் அழுத்தும் ஸ்குவீசர் போதாதா?

பதில்: அது எட்டும் விளிம்புகளில் ரிவெட் கன்னைவிட ஸ்குவீசரே நல்லது, ஒவ்வொரு தலையும் ஒரே அளவில் அமையும். அதே தடிப்புள்ள துண்டுத் தகடுகளில் சில ரிவெட்டுகளை அழுத்தி அளந்து, ஸ்குவீசரின் இடைவெளியைச் சரிசெய்துகொண்ட பிறகு விமானத்தின் பக்கம் செல்லுங்கள்.