பட்டியலில் ஒரு பெயர்: வாசகர் கேள்வி – பதில்

மதுரைக் கல்லூரி ஒன்றின் திரைப்பட மன்றத்தில் 'தி குட் லை' (2014) என்ற ஆங்கிலப் படம் திரையிடப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். சூடான் போரில் பெற்றோரை இழந்து, கென்யாவின் ககுமா முகாமில் வளர்ந்து, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் குடியமர்த்தப்படும் மமேரே, ஜெரமையா, பால் என்ற மூன்று இளைஞர்களின் கதை அது. அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இம்முறை இடம் தருகிறோம்.

சிறுவர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே எல்லை தாண்டினார்கள் என்பதை நம்ப முடியவில்லை. இது நடந்த கதையா, சினிமாவுக்காகச் செய்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

கதைமாந்தர்கள் கற்பனை, அவர்கள் நடந்த நடை கற்பனையன்று. 1983இல் தொடங்கிய இரண்டாம் சூடான் உள்நாட்டுப் போரில் தென்பகுதிக் கிராமங்கள் எரிக்கப்பட்டபோது, மாடு மேய்க்கப் போயிருந்த காரணத்தாலேயே உயிர் தப்பிய சிறுவர்கள் ஏராளம். அப்படிச் சிதறியவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் எத்தியோப்பியாவுக்கு நடந்தார்கள். 1991இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து, இருந்த முகாமிலிருந்தும் விரட்டப்பட்டபோது, கிலோ என்ற ஆற்றைக் கடக்கையில் துப்பாக்கிக்கும் வெள்ளத்துக்கும் முதலைக்கும் பலரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்கள் 1992இல் ககுமாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு நடந்துபோய் நடந்தே திரும்புவதைக் காட்டிலும் கூடுதலான தொலைவு அது. நடந்தவர்களில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெரமையாவாக நடித்த கெர் துவானியும் பாலாக நடித்த இம்மானுவேல் ஜாலும் அந்தப் போரில் சிறுவயதிலேயே துப்பாக்கி ஏந்த நேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் ரீஸ் விதர்ஸ்பூன் முகம்தான் பெரிதாக இருக்கிறது. அகதிகளின் கதைக்கும் ஒரு வெள்ளைக்கார நாயகி தேவையா?
– வாசகர், உசிலம்பட்டி

விளம்பரம் செய்த குற்றத்தைப் படத்தின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. வேலை தேடித்தரும் அலுவலராக வரும் அவர், படம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறார். கதையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. புதிய நாட்டின் பொருள்களைக் கண்டு இளைஞர்கள் விழிப்பதை வைத்துச் சிரிப்பு மூட்டும் காட்சிகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. அவற்றுக்கு நடுவே ஓர் அருமையான இடம் வருகிறது: சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்த ஜெரமையாவிடம், நன்றாக இருக்கும் உணவைக் குப்பையில் கொட்டச் சொல்கிறார்கள், அவர் அதைக் கடைக்கு வெளியே நிற்கும் ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்கிறார், அது விதிமீறல் ஆகிறது. தாகத்தில் சிறுநீரைக் குடித்துப் பசியோடு நடந்தவனுக்குச் சோற்றைக் கொட்டும் கை வராது என்பதை எந்த வசனமும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே அழகு.

மூன்று இளைஞர்களும் ஒரே வீட்டில் தங்க, அவர்களுடைய சகோதரி அபிட்டாலை மட்டும் பாஸ்டனுக்கு அனுப்புகிறார்களே, அப்படியும் நடக்குமா?
– கல்லூரி மாணவி, மேலூர்

அந்தப் பிரிவு திரைக்கதையின் தேவைக்காக அமைந்தது. ஆனால் அதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட இந்த இளைஞர்கள் 3,500 பேருக்கும் மேல். அவர்களுள் பெண்கள் நூறு பேர்கூட இல்லை. பெண்பிள்ளைகள் நடக்கவில்லை என்பதல்ல காரணம். ககுமாவுக்கு வந்த சிறுவர்கள் தனிக்குழுக்களாகத் தங்கியதால் பெற்றோரற்றவர்கள் என்று பதிவானார்கள். சிறுமிகளையோ ஊர் வழக்கப்படி குடும்பங்களோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் வீட்டுவேலை செய்து, பலர் மணமகன் வீட்டார் தரும் சீர்மாட்டுக்குத் திருமணம் செய்துகொடுக்கப்பட்டு, கணக்கெடுப்பவரின் கண்ணிலேயே படாமல் போனார்கள். அபிட்டாலுக்குப் படத்தில் பாதிக் கதைகூடக் கிடைக்காததற்காக இயக்குநரைக் கோபித்துக்கொள்ளலாம்; பதிவேட்டிலும் அதே கதிதான்.

தலைப்பில் உள்ள 'நல்ல பொய்' எது? பொய்க்குப் படம் வக்காலத்து வாங்குவதாக என் கணவர் சொல்கிறார்.
– வாசகி, சோழவந்தான்

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடலாம். தொடக்கத்தில், புல்வெளியில் ஒளிந்திருக்கும் பிள்ளைகளுள் மமேரே எழுந்து நின்றுவிட, படைவீரர்கள் கண்ணில் பட்டுவிட்டதை உணர்ந்த அண்ணன் தியோ முன்னே வந்து, தான் மட்டுமே இருப்பதாகச் சொல்லிப் பிடிபடுகிறான். பல ஆண்டுகள் கழித்து அந்த அண்ணனைத் தேடி ககுமாவுக்குத் திரும்பும் மமேரே, அவரை அழைத்துப்போக வழியில்லாத நிலையில், தன்னுடைய ஆவணங்களையே அவர் கையில் கொடுத்துத் தன் பெயரில் விமானம் ஏற்றிவிட்டு, முகாம் மருத்துவமனையில் தங்கிவிடுகிறான். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்திவைத்திருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான் இந்த முடிவு நாடகமாகத் தோன்றாது.

தங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, பொய் பொய்தான். ஆயினும் படம் வக்காலத்து வாங்குவது பொய்க்கு அல்ல என்பது என் கருத்து. உயிருள்ள மனிதன் எதிரே நிற்கையில் அவனை விட்டுவிட்டு அவன் தாளைப் பார்க்கும் ஏற்பாட்டின் மேல் அது கேள்வி எழுப்புகிறது. அமெரிக்கா போகிறவர்கள் யார் என்று முகாம் பலகையில் ஒட்டிய பட்டியலில் பெயர் இருப்பவன் போகிறான்; இல்லாதவன் நிற்கிறான். 2015இல் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற 'தீபன்' படத்திலும், ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத மூன்று ஈழத்தமிழர்கள் இறந்துபோன குடும்பம் ஒன்றின் ஆவணங்களை வைத்துக்கொண்டுதான் பிரான்சுக்குப் போகிறார்கள். வெவ்வேறு போர்களைப் பற்றிய இரு படங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1991இல் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன் நான். இப்போது இருப்பது ஆனையூர் முகாம், பெயிண்டிங் வேலை. அந்தப் பலகையைப் பார்த்தபோது எங்கள் பெயரை யார், எப்போது ஒட்டுவார்கள் என்றுதான் தோன்றியது. எங்களுக்கு வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், மதுரை

படம் சறுக்கும் இடத்தைத் தங்கள் கடிதம் தொட்டுவிட்டது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட முகாம் வாழ்க்கையைப் படம் ஓரிரு காட்சிகளில் தாண்டிவிடுகிறது. ஆள்கணக்கு எடுக்கும் நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவர்களுக்கோ அந்த ஆண்டுகள்தாம் முழுக்கதை.

கேட்டதற்கு வருகிறேன். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேரவில்லை. பிறப்பால் வரும் குடியுரிமை, பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் குடிமகனே. அதன்படி, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். தாங்கள் பிறந்ததோ 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு ஏறத்தாழ நான்காண்டு தள்ளி. அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்கு முன்வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தங்கள் பெற்றோரின் பூர்வீகத்தை முதலில் விசாரியுங்கள். அவர்கள் மலையகத்தார், அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள் என்றால், அதே மதுரைக் கிளை 2019 ஜூனில் இந்திய வம்சாவளியினரான 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருப்பது தங்களுக்கும் உதவக்கூடும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் முகாம் அடையாள அட்டை, தாத்தா காலத்துத் தோட்டப் பதிவோ பழைய கடிதமோ இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மூலப்பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், நகல்கள் போதும்.